சனிக்கிழமை டப்பா

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் மருந்துக்கடை வாசலில் நிற்க இடமிருக்காது. பனியன் கம்பெனி விட்டு வருகிறவர்கள் கையில் வாரக் கூலி இருக்கும். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, முதுகுவலிக்குத் தைலம், பிள்ளைக்கு இருமல் மருந்து, அதோடு பால்பவுடர். மற்ற நாளில் ஒன்றோ இரண்டோ போகிற பால்பவுடர், சனிக்கிழமை ஒரே சாயங்காலத்தில் அலமாரித் தட்டைக் காலி செய்துவிடும். தகர டப்பாவில் வந்தாலும் சரி, விலை கொஞ்சம் குறைந்த அட்டைப்பெட்டியில் வந்தாலும் சரி, எல்லாருக்கும் அது டப்பாதான்.

டி.பார்ம் முடித்துவிட்டு 2011-இலிருந்து ஐந்து வருடம் அந்தக் கடையில் இருந்தேன். பழகிய முகங்களுக்குக் கடன் உண்டு. நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றில் எழுதிவைப்போம். பெயர் தெரியாதவர்களுக்கு அடையாளம்: ‘வாட்ச்மேன் மருமகள்’, ‘மூணாவது லைன் தேனிப் பொண்ணு’. அந்த நோட்டில் தேதிகளை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனால், எந்த வீட்டில் பிள்ளை எவ்வளவு தண்ணிப் பால் குடிக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு சுலபமானது. டப்பா 400 கிராம். உள்ளே கிடக்கும் கரண்டியில் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய நாலரை கிராம். 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. இரண்டு மாதப் பிள்ளை வேளைக்கு 120 மில்லி, நாளைக்கு ஏழு வேளை என்று வைத்துக்கொண்டால் 28 கரண்டி, அதாவது 126 கிராம். மூன்று நாள் தாண்டினால் டப்பா காலி. மாதத்துக்கு ஒன்பது, பத்து டப்பா வேண்டும். இன்றைக்கு ஒரு டப்பா நானூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. பிள்ளை வளர வளர டப்பா இன்னும் சீக்கிரம் தீரும்.

அந்த மூன்று நாள் டப்பா ஒரு வீட்டில் ஏழு நாள் வருகிறது என்றால் பொடி குறைந்து தண்ணீர் கூடுகிறது என்றுதானே அர்த்தம்? பால்பவுடரின் நிறம் ஏமாற்றும். பாதிப் பொடி போட்டுக் கலக்கினாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு வயிறு நிரம்பும், தூங்கிவிடும். எடை மட்டும் ஏறாது.

2013 கடைசியில் ஒரு சனிக்கிழமை. தேனிப் பொண்ணு வந்து நின்றாள். இருபத்திரண்டு வயதிருக்கும். ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. பிள்ளை பிறந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகாமல் வேலைக்குத் திரும்பியிருந்தாள். நோட்டைப் பார்த்தேன். போன சனி ஒரு டப்பா, அதற்கு முந்தின சனி ஒரு டப்பா, அதற்கும் முந்தின சனி ஒன்று. எனக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, அத்தனை பேருக்கு நடுவில், “ஒரு டப்பாவை எப்படிம்மா ஏழு நாள் ஓட்டறே? தண்ணியைக் குடுத்துக் கொல்றியா பிள்ளையை?” என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை வைத்தாள், டப்பாவை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள், போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு அவள் வரவே இல்லை.

அந்தக் கோபத்துக்குப் படிப்பும் ஒரு காரணம். 1939-இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பு வைத்துப் பேசினார். குழந்தைக்கு ஆகாத டின் பாலை ஏழைத் தாய்மார்களிடம் விளம்பரம் செய்து விற்பதைக் கொலை என்றே சொன்னார். எழுபதுகளில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பால்பவுடர் கம்பெனிகள் செய்த வியாபாரம் உலகம் முழுக்கப் பெரிய சண்டையாகி, 1981 மே மாதம் உலக சுகாதார சபையில் விற்பனை நெறிமுறை வாக்கெடுப்புக்கு வந்தது. 118 நாடுகள் ஆதரவு, ஒரே ஒரு நாடு எதிர்ப்பு. அந்த ஒன்று அமெரிக்கா. நம் நாட்டில் 1992-இல் சட்டம் வந்தது, 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவில் தாய் படமோ குழந்தை படமோ கூடாது. நம்மூர் பால்பவுடர் டப்பாவில் கொழுகொழு குழந்தை சிரிக்காததற்குக் காரணம் அந்தச் சட்டம்தான். நான் அதைப் பெருமையாக நினைக்கிறவள். இதெல்லாம் தெரிந்ததால், எதிரே நிற்கிறவளைவிட எனக்கு அதிகம் தெரியும் என்றும் நினைத்துவிட்டேன்.

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். தனியார் நர்சிங் ஹோம், சிசேரியன். (தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்கிறது 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. தனியாரில் அது இன்னும் அதிகம்.) முதல் ராத்திரி எனக்கு மயக்கம் முழுதாகத் தெளிவதற்குள் பிள்ளைக்குச் சங்கில் பவுடர் பால் புகட்டியிருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. “உனக்கு இன்னும் பால் ஊறலைம்மா” என்றார்கள். முதல் நாள் பிள்ளையின் வயிறு கோலிக்குண்டு அளவு, அதற்குத் துளித்துளியாக வரும் சீம்பால் போதும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். படுத்துக்கொண்டு, வலியில், எதுவும் பேச வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு துண்டுச் சீட்டில் பவுடர் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட எத்தனையோ சீட்டுகளை எங்கள் கடையில் கை நீட்டி வாங்கியிருக்கிறேன். கசங்கிய சீட்டோடு அப்பாக்கள்தான் வருவார்கள். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பவுடர் என்றால் அந்த வீட்டில் அது மருந்து மாதிரி. விலை கட்டுப்படியாகாவிட்டாலும் வேறு வாங்க மாட்டார்கள்.

பால் ஊறுகிற விதத்தை நம் பெரியவர்கள் கிணற்றை வைத்துச் சொல்வார்கள். இறைத்த கிணறு ஊறும். பிள்ளை சப்பச் சப்பத்தான் சுரக்கும். ஒரு வேளை டப்பா கொடுத்தால் அந்த வேளை மார்பு இறைபடாது, அடுத்த நாள் கொஞ்சம் குறையும். பிள்ளை அழும். “பால் பத்தலை” என்று வீடே சொல்லும். இரண்டாவது வேளையும் டப்பாவுக்குப் போகும். எங்கள் அம்மா பூண்டு வதக்கிக் கொடுத்தார், பால் சுறா வாங்கிப் புட்டு செய்தார், முருங்கைக்கீரை தினமும். அதையெல்லாம்விடப் பெரிதாக அவர் செய்தது ஒன்றுண்டு. வீட்டு வேலை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு, “நீ பிள்ளையைப் போட்டுட்டே இரு, வேற ஒண்ணும் பண்ணாதே” என்று என்னை உட்காரவைத்தார். பன்னிரண்டு நாளில் டப்பாவை நிறுத்த முடிந்தது. கணவர் சம்பளத்தில் வீடு ஓடியது. கடையில் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது என்றாலும் ஆறு மாதம் வீட்டில் இருக்க முடிந்தது. பாலூட்டும் தாய்க்குத் தினமும் கூடுதலாக 600 கலோரி வேண்டும் என்பார்கள். எனக்கு அது தட்டில் வந்து விழுந்தது.

மகளுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட, புதன்கிழமை நகர்நல மையத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் தேனிப் பொண்ணு. இடுப்பில் ஒன்பது மாதப் பையன், அம்மை ஊசிக்கு. அவனைத் தராசில் போட்டு நர்ஸம்மா எடை சொன்னபோது நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அட்டையில் பச்சைக் கோட்டுக்குள், சரியான எடையில் இருந்தான்.

நான்தான் போய்ப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. “எல்லாரும் பாத்தாங்கல்லக்கா, அதான் வரல” என்றாள். பிறகு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மாதங்களில் போட்ட கணக்கைச் சொன்னாள்.

“காலைல அஞ்சு மணிக்கு ஒருக்கா, கெளம்பும்போது ஒருக்கா, எங்கிட்டதான் குடிப்பான். ராத்திரி வந்ததும் குடுப்பேன், விடியவிடிய எங்கிட்டதான். ஞாயித்துக்கெழம பூராவும் எம்பால்தான், டப்பாவத் தொடவே மாட்டேன். கம்பெனிக்குப் போற ஆறு நாளும் பகல்ல மட்டும் நாலு வேளை, பக்கத்து வீட்டு ஆத்தா டப்பாப் பால் குடுக்கும். வேளைக்கு நாலு கரண்டி. ஆத்தாளுக்கு எண்ணத் தெரியாதுன்னு நானே காலைல நாலு பொட்டலமா மடிச்சு வச்சிருவேன்.”

நாலு வேளை, பதினாறு கரண்டி, 72 கிராம். ஆறு நாளுக்கு 432. டப்பா 400. அந்தப் பெஞ்சிலேயே மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஏழு கரண்டி குறைகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “சனிக்கெழம ஒரு ஷிப்ட்தான், சாயந்தர வேளைக்கு நான் வந்துருவேன். அப்பிடியும் வாரத்துக்கு மூணு கரண்டி இடிக்கும்கா. வெள்ளிக்கெழம கொஞ்சம் தண்ணியாத்தான் போகும்.”

வாரத்துக்கு மூன்று கரண்டி. அதற்குத்தான் நான் கொலை என்று கத்தியிருக்கிறேன்.

என் நோட்டில் டப்பா வாங்கிய தேதி இருந்தது. ராத்திரி இரண்டு மணி அதில் இல்லை. பகல் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே துணியைப் புரட்டிவிட்டு வந்தவள் விடிய விடியப் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு கிடந்தது அதில் இல்லை. பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம் ஊறும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காசு மிச்சம் பிடிக்க அவளாகக் கண்டுபிடித்த வழிதான் பால் வற்றாமலும் காத்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு சங்கடம். நாம் தாய்ப்பாலைப் பற்றிப் பேசும்போது இரண்டு பெண்கள்தான் நம் கண்ணில் நிற்கிறார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிற நல்ல தாய். டப்பாவுக்கு மாறிவிட்ட கெட்ட தாய். சுவரொட்டியும் அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 2015–16 கணக்கில் 48 சதவீதம், 2019–21-இல் 55. நாட்டின் சராசரி 63-ஐத் தாண்டிவிட்டது. பிரசவம் கிட்டத்தட்ட முழுவதும் ஆஸ்பத்திரியில் நடக்கிற, நர்ஸம்மா வீடு தேடி வருகிற மாநிலத்தில் ஏன் இப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். மீதிப் பேரில் தேனிப் பொண்ணு மாதிரி பாதி மார்பும் பாதி டப்பாவுமாக இழுத்துப்பிடிக்கிறவர்கள் உண்டு. அவளுக்கென்று ஒரு சுவரொட்டி கிடையாது. “ராத்திரிப் பாலை விடாதே, ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் தொடாதே, கிளம்புமுன் கையால் பீய்ச்சி மூடிவைத்தால் நாலு மணி நேரம் கெடாது, பாட்டில் வேண்டாம், சங்கிலேயே கொடு” என்று அவளிடம் சொல்ல ஆள் இல்லை. சொன்னால் டப்பாவுக்கு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று படித்தவர்களுக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

டப்பாவின் ஆபத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. லைன் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே அறை, பொதுக் குழாய், நல்ல தண்ணி நாலு நாளுக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. சாயக் கழிவு நொய்யல் ஆற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது எந்த அளவுக்கு என்றால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவு போட்டது. டப்பாப் பால் என்பது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் என்பதில்தான் பிள்ளையின் வயிறு இருக்கிறது. பொடியிலேயே கிருமி இருக்கலாம், அதனால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கி, ஆறவைத்துக் கொடுக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு வேளையும் வெந்நீர் போட கேஸ் வேண்டும். பாட்டில் என்றால் அதன் ரப்பரைக் கொதிக்கவைக்க இன்னும் கேஸ். டப்பா விலையோடு இதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

தாய்ப்பாலுக்குச் செலவே இல்லை என்கிறார்களே, அந்தப் பேச்சுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. தேனிப் பொண்ணு வீட்டில் உட்கார்ந்து பால் கொடுத்திருந்தால் வாரம் ஆயிரத்துச் சொச்சம் கூலி போயிருக்கும். லைன் வாடகை யார் கொடுப்பார்கள்? சட்டத்தில் வழி உண்டு. இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்து, 70 நாள் சந்தா கட்டியிருந்தால் அப்போது 12 வாரம், 2017-இலிருந்து 26 வாரம் முழுச் சம்பளம். அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. காண்ட்ராக்டர் மூலம் போனவள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை அப்போது 12,000, பிறகு 2018-இல் 18,000 ஆனது. பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் ஊட்டச்சத்துப் பெட்டியும் தவணையும் சேர்ந்த அந்தப் பதினெட்டாயிரத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் மூவாயிரம். அதைத் தவணை தவணையாக வாங்கவும் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதியும்போது கொடுப்பது), வங்கிக் கணக்கு, தேதி தவறாத பரிசோதனை எல்லாம் வேண்டும். பிழைப்புக்கு ஊர் மாறியவளுக்குத் தவணை ஒரு ஊரிலும் பிரசவம் ஒரு ஊரிலும் ஆகிவிடும். இதே மாநிலத்தில் அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021-இலிருந்து பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு விடுப்பு. அது சரியான முடிவு. பிள்ளைக்கு ஒரு வருடம் தாய் வேண்டும் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது.

பிள்ளையை விட இடமும் கிடையாது. பால்வாடியில் இரண்டு வயது ஆகாமல் சேர்க்க மாட்டார்கள். பேருந்து நிலையங்களில் 2015-இல் திறந்த பாலூட்டும் அறைகள் நல்ல காரியம். நான் மகளோடு போன ஒரு ஊரில் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டு உள்ளே துடைப்பமும் வாளியும் அடுக்கியிருந்தார்கள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கொடுத்தேன். அறை எல்லாம் பயணிகளுக்கு. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்கிறவளுக்கு வேலை செய்யும் இடத்தில்தானே வேண்டும்?

கம்பெனிக்குத் திரும்பும் பெண்கள் மார்பில் பால் கட்டிக்கொண்டு படும் வேதனையை அந்தக் கடையில்தான் பார்த்தேன். வலி மாத்திரை கேட்டு வருவார்கள். ஜாக்கெட் நனைந்திருக்கும், அதை மறைக்கத் துண்டைப் போர்த்தியிருப்பார்கள். பிள்ளையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிக்கொள்வார்கள். பால் வற்றுவதற்கு நம் பக்கத்துக் கைவைத்தியம் அது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் செய்ததை, உயிரோடு இருக்கும் பிள்ளைக்காகச் செய்தார்கள். எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே பூக்கடை. தலைக்கு வைக்க வாங்குகிறவள் கட்டிய சரமாகக் கேட்பாள். மார்புக்குக் கட்டுகிறவள் உதிரிப்பூவாகக் கேட்பாள். பூக்காரம்மாவுக்குப் புரிந்துவிடும். அவளிடம் பேரம் பேச மாட்டார்.

1961 மகப்பேறு நலச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்: வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வுபோக, பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளை. 2017 திருத்தத்தில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம், தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவரலாம். நான் கடையில் இருந்த ஐந்து வருடத்தில், என்னிடம் டப்பா வாங்கிய ஒரு பெண்கூட இந்த இரண்டு இடைவேளையைக் கேள்விப்பட்டதில்லை. டப்பாவோடு கொடுக்கும் பில்லின் பின்பக்கம் அதை எழுதிக் கொடுக்கும் பழக்கம் எனக்கு அந்தப் புதன்கிழமைக்குப் பிறகுதான் வந்தது. கேட்டு வாங்கியவர்கள் இரண்டு பேரை அறிவேன். கேட்டதற்காக வேலை போனவள் ஒருத்தியையும் அறிவேன். அதற்குப் பிறகு, எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் காண்ட்ராக்ட் வேலையா, கம்பெனி வேலையா என்று கேட்டுக்கொள்வேன்.

தேனிப் பொண்ணு மறுபடி கடைக்கு வரத் தொடங்கினாள், டப்பாவுக்காக இல்லை, பையனுக்குச் சளி மருந்துக்கு. அடுத்த பிள்ளை பிறந்தபோது கம்பெனி மாறியிருந்தாள். கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சின்ன யூனிட், நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். காப்பகம் கட்டச் சொல்லிப் பின்னால் வந்த 2017 திருத்தமும் கேட்காத அளவு. பதினோரு மணி டீ டயத்துக்குப் பக்கத்து வீட்டு ஆத்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வருவார். நாலு மணிக்கு மறுபடி. முதல் வாரம் சூப்பர்வைசர் முறைத்திருக்கிறார். முதலாளியின் அம்மா மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாததால் அவரும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் மருந்து கொடுக்கப் போகிற வழியில் நானே பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் அறை, தகரக் கூரை, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் அதில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். ஆத்தா டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவள் குடிக்க. வயதான வாட்ச்மேன் வெளியே வெயிலில், ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.